இடது கால்

சவப்பெட்டி லிஃப்டுக்குள் அடங்கவில்லை. நீளவாக்கில் வைத்துப் பார்த்தார்கள், குறுக்கே சரித்துப் பார்த்தார்கள். நிமிர்த்தி வைக்கலாமே என்று, பிரேதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர் வாயெடுத்தபோது தனஞ்சயன் முறைத்த முறைப்பில் மனிதர் மீதியை விழுங்கிக்கொண்டார். வெள்ளவத்தையில் மாடி கட்டுகிறவர்கள் கார் நிறுத்த இடம் யோசிக்கிறார்கள், தண்ணீர்த் தாங்கிக்கு இடம் யோசிக்கிறார்கள். குடியிருப்பவன் ஒருநாள் செத்துப்போவான் என்பதை மட்டும் ஒருத்தரும் யோசிப்பதில்லை.

"படியால மேல கொண்டு போவம் அண்ணா. நாங்கள் தூக்கிறம்," என்றான் மிதுஷன்.

அவனோடு ஆறு பெடியன்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் பெட்டிக்குள் கிடந்த தனஞ்சயனின் தகப்பன் இரத்தினசிங்கம் மாஸ்டரிடம் பள்ளிக்கூடத்தில் பேஸ்போல் பழகியவர்கள். வீடு நான்காம் மாடியில். தனஞ்சயன் தலைமாட்டில் தோள் கொடுத்தான்.

அப்பாவும் மகனும் பதினைந்து வருடமாக ஒரே சுவருக்கு இருபுறமும் படுத்து எழும்பியவர்கள். "சாப்பிட்டியா?" "ஓம்." "மழை வருமோ?" "வரும் போல." பேச்சு இதற்கு மேல் போனதில்லை.

காரணம் ஒரு கயிறு. பதினாறு வயதில் தனஞ்சயன் அடித்தால் பந்தைத் தேடப் பெடியன்கள் மதில் ஏறிக் குதிக்கவேண்டும். ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பந்து வரும்போது இடது காலை முன்னே வைக்காமல், ஒரு சாண் வெளிப்பக்கம் விலக்கி வைத்தே மட்டையைச் சுழற்றுவான். மாஸ்டர் கிரிக்கெட்டில் வளர்ந்து பேஸ்போலுக்கு வந்தவர். கிரிக்கெட்டில் அப்படிக் கால் விலகினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "பந்துக்குப் பயம்," என்றார், முழு அணிக்கும் முன்னால். மைதானத்தில் முளை ஒன்றை அறைந்து, மகனின் இடது கணுக்காலை நைலோன் கயிற்றால் அதில் கட்டி அடிக்கப் பழக்கினார். மூன்று மாதம். கால் நேரானது, அடி போய்விட்டது. தேசிய அணிக்கு ஆள் தெரிவுசெய்த அன்று தனஞ்சயனின் மட்டையில் ஒரு பந்தும் படவில்லை. அன்றைக்கு மட்டையை வைத்தவன்தான், பிறகு தொடவில்லை.

தான் பயந்தவன் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அதை அப்பாவின் வாயால் ஒருதரம் கேட்டுவிட்டால் போதும் என்று காத்திருந்தான். நேற்றுக் காலை கடைக்குப் பாண் வாங்கப் போன அப்பா காலி வீதி நடைபாதையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதோடு சரி.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த ஒரு பெண் இரண்டு கதிரைகளை எடுத்து வைத்தாள். பெட்டியை அவற்றின் மேல் இறக்கினார்கள்.

"அண்ணாவும் விளையாடினீங்களோ?" என்று கேட்டான் மிதுஷன். முகம் அழுது வீங்கியிருந்தது.

"கொஞ்சம்."

"நான் வந்த புதுசில காலை வெளியால வைச்சுத்தான் அடிச்சனான். இப்பவும் அப்பிடித்தான். மற்றக் கோச் மாத்தச் சொன்னவர். எங்கட சேர் விடேல்ல. ஒருத்தன்ர காலையும் தொட விடமாட்டார்."

"ஏன்?"

"முதல் நாள் ஒரு கதை சொல்லுவார், அண்ணா. ஒவ்வொரு வருசமும், புதுசா வாற பெடியளுக்கு. 'நான் ஒருத்தன்ர காலைக் கட்டிப் பழக்கினனான். அவன் பயப்படேல்ல. அவன்ர பலம் அந்தக் காலிலதான் இருந்தது, எனக்குத்தான் விளங்கேல்ல. ஒரு நல்ல ஆட்டக்காரனைக் கெடுத்துப்போட்டன். நீங்கள் உங்களுக்கு வசதியா நில்லுங்கோ, பந்தை மட்டும் பாருங்கோ.' இதைச் சொல்லிப்போட்டுத்தான் மட்டையையே கையில தருவார்."

"ஆராம் அந்தப் பெடியன்?"

"கேட்டனாங்கள். 'அங்க பந்து வருது, அதைப் பார்' எண்டுவார்."

தனஞ்சயனுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வருடம் தவறாமல் சொன்ன மனிதருக்கு, அடுத்த அறைக்கு எட்டடி எடுத்து வைக்க முடியாமல் போயிற்றா? பெட்டியின் மூடியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டவேண்டும் போலிருந்தது. "தூக்குங்கோ," என்றான்.

வீட்டில் பெண்களின் ஒப்பாரி ஓய்ந்த ஒரு இடைவெளியில், தலைமாட்டில் இருந்த தாயின் பக்கத்தில் குந்தினான். ஜெகதீஸ்வரி கணவனின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அம்மா, அப்பா பள்ளிக்கூடத்தில சொல்லுற கதை உங்களுக்குத் தெரியுமோ?"

எந்தக் கதை என்று அவள் கேட்கவில்லை.

"உன்னட்டச் சொல்லுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். நாளைக்கு, நாளைக்கு எண்டுவார்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "அவருக்குப் பயமடா, தம்பி."

அவன் எழும்பி பல்கனிக்குப் போனான். கீழே கடலோர ரயில் ஒன்று போய் முடியும்வரை அங்கேயே நின்றான். அப்போதுதான் அழுதான்.

பின்னேரம் பொரளைக் கனத்தை மயானத்தில் வாய்க்கரிசி போட்டு முடிந்தது. அடுத்த பிரேதம் வெளியே காத்திருந்தது.

"கட்டுகளை அவிழுங்கோ," என்றார் ஐயர்.

கால் பெருவிரல்கள் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. மலர்ச்சாலைக்காரர் கத்தரிக்கோலோடு வந்தார்.

"வேண்டாம், நான் அவிழ்க்கிறன்."

முடிச்சின் மேல் முடிச்சு. நகம் வழுக்கியது.

"தம்பி, நேரம் போகுது," என்றார் ஐயர்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா."

நகக்கண் நோக நோக ஒவ்வொரு இழையாய்த் தளர்த்தினான். துணி கையோடு வந்தது. அப்பாவின் இடது பாதம் மெல்ல வெளிப்பக்கம் சாய்ந்தது.

அதை நேராக்கி வைக்க மலர்ச்சாலைக்காரர் குனிந்தார். தனஞ்சயன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொடாதேங்கோ. அப்பிடியே இருக்கட்டும்."