ஒன்பதாம் வகுப்பின் கூரை

எங்கள் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக்கு எழுபத்தைந்து வயது ஆகப்போகிறது, விழா மலர் போட்டு அதில் பள்ளியின் வரலாற்றை எழுத வேண்டும் என்று தலைமையாசிரியை சிஸ்டர் அறிவித்த அன்றே நான் பேனாவுக்கு மை நிரப்பிவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் அங்கே அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்தப் பள்ளியின் ஒவ்வொரு பல்லியையும் அதன் பாட்டனையும் எனக்குத் தெரியும். நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

சகலையை எழுதச் சொல்லிவிட்டார்கள்.

சகலை, என் மனைவியின் அக்காள் வீட்டுக்காரர். அதே பள்ளியில் அதே முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கோணமானி. தாழ்வாரத்தில் திரும்பினால்கூடச் சரியாகத் தொண்ணூறு டிகிரியில் திரும்புவார். எனக்கு வைத்த பெயர் புகை. ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு தடவைதான் புகை வந்தது. அது ஏழு ஊருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அன்று என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம்.

“அத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்ல, அதான் கேட்டிருப்பாங்க” என்றாள் மனைவி.

“என் கையெழுத்துக்கு என்னவாம்?”

“கையெழுத்துக்கு ஒண்ணுமில்ல. அதுல நீங்க எழுதுற சங்கதிதான்…”

அவள் குத்திக்காட்டியது ஒரு தடித்த நோட்டை. ஒரு தானியக் கிடங்கில் பதினோரு பிள்ளைகளையும் நானூறு எலிகளையும் வைத்துப் பள்ளியைத் தொடங்கிய பாதிரியார் ஏற்படுத்திய வழக்கம் அது. ஆண்டின் கடைசி வேலைநாளில் ஒவ்வொரு ஆசிரியரும் அந்த வருடத்தைப் பற்றித் தன் கையால் ஒரு வரி எழுத வேண்டும். ஒரே வரி. அடுத்தவர் திருத்தக் கூடாது. சகலை முப்பத்து நான்கு வருடமும் ‘பாடத்திட்டம் முடிந்தது’ என்று எழுதினார். கிடைப்பதே ஒரு வரி. அதையும் வீணாக்க எனக்கு மனம் வருமா?

ஒரு வாரம் கழித்து, மத்தியான வேளையில், சகலை அந்த நோட்டோடு வந்து உட்கார்ந்தார். மலர் மறைமாவட்ட ஆயர் கைக்குப் போகிறதாம். நோட்டில் உள்ள எந்தச் சம்பவத்துக்கும் அன்று கூட இருந்த இன்னொருவர் கையெழுத்துப் போட்டால்தான் அச்சேறும் என்பது சிஸ்டரின் கட்டளை. அவருடைய பாடத்திட்டங்களுக்குத் தமிழ் டீச்சர் முப்பத்து நான்கு கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்டுக் கொடுத்துவிட்டாராம்.

“சகலை, இந்தத் தவளை. அறுத்து முடிச்சதும் எழுந்து வணக்கம் சொல்லிச்சுன்னு இருக்கே?” என்று என் வரியைக் காட்டினார்.

“மரியாதை தெரிஞ்ச தவளை.”

“அடிச்சிட்டேன். கிணத்துல விழுந்த இன்ஸ்பெக்டர ஒத்தக் கையால தூக்கினது?”

“விழல. எட்டிப் பார்த்தாரு. நான் சட்டையப் பிடிச்சேன்.”

“அடிச்சிட்டேன்.”

சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து, நேர்கோடாக அடித்தார். முப்பத்து மூன்று வரிகள் போயின. பள்ளியின் வரலாற்றில் நான் இருந்த இடமெல்லாம் சிவப்புக் கோடு. அவர் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் பாடத்திட்டத்தை முடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். மிச்சம் இருந்தது ஒரே வரி: ‘இவ்வாண்டுப் புயலில் ஒன்பதாம் வகுப்பின் கூரை பறந்துவிடாமல் இரண்டு மணி நேரம் தாங்கிப் பிடித்தேன்.’

சகலையின் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அன்னிக்கு ஸ்கூல்ல நானும் இருந்தேன்ல.”

“இருந்தீங்க. பெஞ்சுக்கு அடியில.”

“நீங்களும் அதே பெஞ்சுக்கு அடியிலதான்.”

சகலை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“போன மாசம் பஸ்ல பழைய மாணவன் ஒருத்தன் எழுந்து இடம் கொடுத்தான். எனக்கு ஒரே சந்தோஷம். உக்காந்ததும் கேக்குறான், ‘கூரையத் தாங்கின சார் எப்படி இருக்காரு சார்?’னு. முப்பத்து நாலு வருஷம், சகலை! என் பாடத்திட்டத்தப் பத்தி ஒரு நாய் கேக்கல.”

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை குளிர்ந்துவிட்டது. இத்தனை நாள் நான் மட்டும்தான் வெந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேனே!

“நான் கையெழுத்துப் போடறேன்” என்றார் மெதுவாக. “ஆனா கூரையில எனக்கும் ஒரு பக்கம் வேணும்.”

“ஆயருக்கே பொய்யா?”

“பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பாவம். ஆளுக்குப் பாதிதானே வருது?”

கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தான். ஆனால் அது நான் இருபது வருடம் ஊட்டி வளர்த்த கூரை. அதைப் பங்கு போடுவதா?

“ஏணியப் பிடிச்சீங்கன்னு போட்டுக்கோங்க.”

“ஏணியா! கூரை.”

“சரி, வாசல் பக்கம் ஒரு மூலை.”

“கிழக்குப் பக்கம் முழுசா. காத்து அங்கதான் பலம்.”

“ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிச்சிடாதீங்க” என்று மனைவி டீயைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

கொடுக்காவிட்டால் நான் அந்தப் பள்ளியில் வேலையே பார்க்காதவன் ஆகிவிடுவேன். கிழக்கைக் கொடுத்தேன்.

விழா அன்று சிஸ்டர் மேடையில் அந்தப் பகுதியை வாசித்தார். நாற்பத்தைந்து டிகிரிக் கோணத்தில் வந்த காற்று, நூற்றுப் பன்னிரண்டு ஓடுகள், ஓடு ஒவ்வொன்றின் எடை, கணித ஆசிரியரின் இடது தோளில் இறங்கிய மொத்த பாரம். எண் வந்தால் எவன் சந்தேகப்படுவான்? கூட்டம் மூச்சு விடவில்லை. கடைசியில், ‘மேற்குப் பக்கத்தில் அறிவியல் ஆசிரியரும் உதவினார்’ என்று ஒரு வரி. ஆயர் இறங்கி வந்து சகலையின் இடது தோளைத் தொட்டுப் பார்த்தார். சகலை லேசாக முகம் சுளித்தார், வலிக்கிறதாம்! கைதட்டல் ஓய ஒரு மணி நேரம் ஆனது.

“ஏங்க மூஞ்ச இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க? அது பறக்காத கூரைதானே?” என்று மனைவி காதோரம் கேட்டாள்.

“பறக்கலதான். ஆனா முதல்ல பிடிச்சது நான்.”