சிட்டு சொன்ன பொய்

பிற்பகல் வெயிலில் அந்தக் கிராமத்து நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கனகலட்சுமிக்குக் கண் சொருகியது. காலையில் காளவாசல் பள்ளியில் நான்கு பீரியட் தமிழ் நடத்தியிருந்தாள். அரை நாள் லீவுக்காகத் தலைமையாசிரியையிடம் பல்லைக் காட்டி, மகளை அவள் பள்ளியிலிருந்து பாதியில் கூட்டிக்கொண்டு, அலங்காநல்லூர் தாண்டி இவ்வளவு தூரம் வந்திருந்தாள். எல்லாம் ஆறு வருஷத்துக்கு முன்பு எழுதிய இருபத்துநான்கு பக்கப் படப்புத்தகத்துக்காக.

'சிட்டு மெதுவா வருவா' என்பது புத்தகத்தின் பெயர். மகள் இந்துப்ரியாவுக்கு அப்போது ஐந்து வயது. பிறந்தபோது மூச்சுத் திணறியதில் இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போன பிள்ளை. கடை கடையாய் ஏறி இறங்கியும் காலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் மாட்டிய ஒரு சிறுமி எந்தப் புத்தகத்திலும் அகப்படவில்லை. சரி, நாமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தாள். காலை இழுத்து இழுத்துப் பள்ளிக்கூடம் போகும் சிட்டு, ஓடுகிறவர்கள் பார்க்காததையெல்லாம் பார்ப்பாள். கடைசிப் பக்கத்தில், "என் காலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்பாள். அந்த வரியை எழுதிய அன்று கனகலட்சுமி அடுப்படியில் நின்று அழுதாள்.

அதன் பிறகு பள்ளிக்கூடங்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. எழுத்தாளரைக் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் பேச்சுக்கு. கூப்பிட்டது பிள்ளையை. போகிற இடமெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டு பீரோவில் பன்னிரண்டு பொன்னாடை கிடக்கிறது. குளிருக்குப் போர்த்திக்கொள்ளவும் ஆகாது, தரை துடைக்கவும் மனசு வராது.

பதிப்பாளர் சௌரிராஜன் இப்போது சிட்டுவின் இரண்டாவது புத்தகம் வேண்டும் என்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போன வாரமே மகளிடம் கேட்டாயிற்று. யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னவள் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. கனகலட்சுமிக்கு அந்தப் புத்தகம் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பெயர் வேண்டும். பாடம், நோட்டுத் திருத்தம், சமையல் என்று தேய்ந்துகொண்டிருந்த வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். இன்று எப்படியாவது இந்துவிடம் ஒரு சரி வாங்கிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள்.

நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் முத்திருளன் நல்ல மனிதர். இளநீர் வெட்டி வைத்திருந்தார். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கனகலட்சுமி கதையை வாசித்து முடித்தாள். எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது. எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை வாய் தானாகவே பார்த்துக்கொண்டது. முத்திருளன் மைக்கை வாங்கினார்.

"கதையில வர்ற சிட்டு யாருன்னு நெனச்சீங்க? இந்தா இருக்காளே, இந்தப் பிள்ளதான். எங்க, இப்ப நடந்து வருவா பாருங்க. எல்லாரும் கைதட்டுங்க."

இந்து எழுந்து அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்தாள். கனகலட்சுமி கையிலிருந்த இளநீரைக் கீழே வைத்தாள்.

அது இந்துவின் நடையே இல்லை. ஐந்து வருஷப் பயிற்சியில் அவள் நடை எவ்வளவோ தேறியிருந்தது. லேசாகச் சாய்வாளே தவிர, பஸ்ஸைப் பிடிக்க அம்மாவை முந்திக்கொண்டு போகிற பிள்ளை. இங்கே காலைத் தரையோடு தரையாக இழுத்து, தோளைக் கோணிக்கொண்டு வருகிறாள். புத்தகத்தின் ஒன்பதாம் பக்கப் படத்தில் இருக்கிற அதே கோணல். எத்தனை பள்ளியில் இப்படி நடந்திருப்பாள்? பெற்றவளுக்கு இன்றைக்குத்தான் கண் தெரிந்திருக்கிறது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். முன் வரிசையிலிருந்து ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். மூன்றாம் வகுப்பு இருக்கும், பெயர் தமிழ்வாணி என்றாள். வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"அக்கா, உங்களுக்கு நெசமாவே உங்க காலப் பிடிக்குமா?"

"ரொம்பப் பிடிக்கும்" என்றாள் இந்து, கடைசிப் பக்கத்துக் குரலில். தமிழ்வாணி தன் பாதத்தைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பதின்மூன்றாவது பொன்னாடையோடு இருவரும் நிறுத்தத்துக்கு வந்தார்கள். கூடையும் தூக்குவாளியுமாக நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கனகலட்சுமி வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் பேச்சை எடுத்தாள். கூட்டத்துக்கு நடுவில் ரகசியம் பேச அதைவிட வசதி கிடையாது.

"ஏன் அப்படி நடந்த?"

"எப்படி?"

"தெரியாத மாதிரி கேக்காத இந்து."

இந்து ரோட்டைப் பார்த்தாள். "நல்லா நடந்தா நான் சிட்டு இல்லேன்னு நெனப்பாங்க. ஒரு ஸ்கூல்ல அப்படித்தான் கேட்டாங்க. இந்தப் பிள்ளை நல்லாத்தானே நடக்குதுன்னு. உன் மூஞ்சி அப்ப ஒரு மாதிரி ஆயிருச்சு."

எந்தப் பள்ளி என்றுகூடக் கனகலட்சுமிக்கு நினைவில்லை.

"அப்படி நடந்ததுகூடப் பரவாயில்ல" என்றாள் இந்து. "அந்தப் பிள்ளகிட்டப் பொய் சொல்லிட்டேன். இனி அவ, தனக்கு மட்டும்தான் பிடிக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருப்பா. நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

தூரத்தில் பஸ் வந்தது. இதை விட்டால் அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்துத்தான். கனகலட்சுமிக்குக் குதிகால் விண்விண்ணென்று தெறித்தது. வீட்டில் மாவு ஆட்ட வேண்டும், கட்டுக் கட்டாகப் பரீட்சைத் தாள் கிடக்கிறது. பஸ் நின்றது, கூடைக்காரர்களை ஏற்றிக்கொண்டது, போனது. இருவரும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள்.

பள்ளி விட்டிருந்தது. தமிழ்வாணி பள்ளி கேட் பக்கத்தில் யாருக்கோ காத்து நின்றாள். இந்து நேராக அவளிடம் போனாள். கனகலட்சுமி நாலடி தள்ளி நின்றுகொண்டாள்.

"நான் அங்க சொன்னது பொய் தமிழ்வாணி. எனக்கு என் காலப் பிடிக்காது. பாதி நாள் அத மறந்துபோயிருப்பேன். ஞாபகம் வந்தா எரிச்சலா இருக்கும்."

சின்னவள் அவளையே பார்த்தாள். "எனக்குந்தான்க்கா. எங்க டீச்சர்ட்ட சொல்லிறாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"பிடிக்கலேன்னா என்னக்கா செய்வீங்க?"

"என்ன செய்ய? அதையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போவேன்."

தமிழ்வாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நேரம் வேப்பமரத்தடியில் கதை வாசித்தும் அந்த முகத்தில் வராத சிரிப்பு. இதுதான், இதுதான் இரண்டாவது புத்தகம் என்று கனகலட்சுமியின் மனசு துள்ளியது. முதல் வரிகூட வந்துவிட்டது: 'சிட்டுவுக்கு இன்று தன் காலைப் பிடிக்கவில்லை.'

நிமிர்ந்தால் இந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷமாக அம்மாவின் முகத்தைப் படித்தவள்.

"இத எழுதப் போறியாம்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். களைத்துப் போய்க் கேட்டாள், பெரிய மனுஷி மாதிரி.

கனகலட்சுமி அந்த இடத்திலேயே போனை எடுத்துச் சௌரிராஜனைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க மேடம். பிள்ள சரின்னுட்டாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல சார். நான்தான் வேண்டாங்கிறேன்."

"இம்புட்டு நல்லாப் போகுது மேடம், எதுக்கு விடணும்? அடுத்த மாசம் நாலு ஸ்கூல்ல வேற கேட்டிருக்காங்க. கூட்டிட்டு வருவீங்கல்ல?"

"நான் மட்டும் வாரேன் சார்."

மனிதர் சங்கடத்தோடு சொன்னார்: "பிள்ள இல்லாம உங்கள மட்டும் கூப்பிடுவாங்களான்னு தெரியலையே மேடம்."

"எனக்குத் தெரியும் சார், கூப்பிட மாட்டாங்க" என்றாள் கனகலட்சுமி.