மணல் மூட்டையும் பச்சை விளக்கும்

வழக்கு மூன்றே சொற்களில் நின்றது: "ஆள் உள்ள படுக்கை."

நோயாளி கட்டிலில் இருக்கிறாரா என்று காட்டும் கருவியின் காப்புரிமையில் அந்தச் சொற்கள் இருந்தன. கண்டுபிடித்தவர் இறந்து நான்கு மாதம். அவர் மனைவிக்காக நான் வாதாடினேன். மூச்சை மட்டும் அளக்கும் கட்டில்களை ஒரு நிறுவனம் அனுமதி கேட்காமலே விற்றுக்கொண்டிருந்தது. ஆள் என்றால் எடை, நாங்கள் எடையை அளப்பதே இல்லை என்பது அவர்கள் வாதம். நீதிபதி அதை ஏற்றால் காப்புரிமை வெறும் காகிதம்.

ஆனால் கணவர் காப்புரிமையின் விளக்கக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்: மணல் மூட்டை ஆள் அல்ல; மூச்சு விடுவதே ஆள். அதை நீதிமன்றத்தில் செய்து காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். மூட்டைக்குச் சிவப்பு விளக்கு, ஆளுக்குப் பச்சை.

முந்தின நாள் காலை ஒத்திகைக்காக இருபது கிலோ மணலைச் சுமந்துகொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். கணவர் கடைசியாகப் படுத்த கட்டிலிலேயே கருவி இருந்தது. மெத்தைக்கு அடியில் மெல்லிய தகடு, தலைமாட்டில் சிறு பெட்டி. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

பெட்டியில் பச்சை எரிந்தது. பக்கத்தில் எண் 11.

மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். இணைப்பைப் பிடுங்கி மறுபடி செருகினேன். பதினொன்றுதான். அவருடைய சோதனை நோட்டைப் புரட்டினேன். மற்றவர்களுக்கெல்லாம் நிமிஷத்துக்குப் பதினான்கு, பதினாறு மூச்சு. தன் பெயருக்கு நேராக மட்டும் எப்போதும் பதினொன்று.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு மாசமாத்தான். அசந்து தூங்கினா ஒன்பது."

"ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"நீங்க வார்த்தைக்குத்தானே அர்த்தம் கேட்டீங்க வக்கீல் சார்? கட்டிலைப் பத்திக் கேட்கவே இல்லையே."

"காலிக் கட்டில்ல பச்சை எரிஞ்சா எதிர்த்தரப்பு நம்மள நார் நாராக் கிழிச்சிடும்."

அந்த அம்மா கட்டிலருகே வந்தார். பிறகு தலையணைப் பக்கம் குனிந்தார்.

"என்னங்க, காதுல விழுந்துச்சா? நாளைக்கு ஒரு மணி நேரம் எழுந்து நில்லுங்க. நீங்க எழுதினதைக் காப்பாத்தத்தான்."

மெத்தையின் ஓரம் அமுங்கி எழுந்தது. விளக்கு சிவப்பானது. மூட்டையை வைத்தேன், சிவப்பு. நான் படுத்தேன், பச்சை. என் எண் இருபத்தெட்டு.

மறுநாள் நீதிமன்றத்தில் ஒரு மடக்குக் கட்டில் போட்டார்கள்; கருவியை அதில் பொருத்தினேன். காலிக் கட்டிலுக்குச் சிவப்பு, மூட்டைக்குச் சிவப்பு, படுத்துக் காட்டிய ஊழியருக்குப் பச்சை. வாதம் மூன்று மணி நேரம் இழுத்தது. கட்டில் பக்கம் நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆள் என்பது மூச்சுதான் என்று நீதிபதி தீர்த்துச் சொன்னார்.

காரின் பின் இருக்கையில் தகட்டை விரித்து, பெட்டியை அருகில் வைத்தேன். பேட்டரியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஏறுங்கம்மா."

அவர் பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். "இருங்க. ஒரு மணி நேரம்னு சொல்லிட்டு மூணு மணி நேரம் அவரை நிக்க வெச்சுட்டோம். இத்தனை படி வேற இறங்கணும்."

காத்திருந்தோம்.

பச்சை எரிந்தது. பத்தொன்பது. பதினாறு. மெல்ல மெல்லப் பதினொன்று.

அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இப்பப் போகலாம். பள்ளத்துல மட்டும் பார்த்து ஓட்டுங்க."