பெரிய டாக்டர் பார்க்கும்வரை

“டீ கொட்டினப்போ நீங்க எங்கம்மா இருந்தீங்க?”

வெந்த கையோடு அழும் மகளைத் தூக்கி வந்தவளை முதன்முதலில் இப்படிக் கேட்டவர் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவலாளி. அவசரப் பிரிவின் கதவு அவர் கையில் இருந்ததால் அவளும் பதில் சொன்னாள்.

“பக்கத்துலதாங்க. மேசைத் துணியைப் பிடிச்சு இழுத்துட்டா.”

பிறகு சீட்டு எழுதுபவர் கேட்டார். சின்ன டாக்டர் கேட்டார். அதே மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த கணவரும், நாலு பேர் முன்னால் நல்ல பேர் எடுக்க, “நீ எங்கடி இருந்தே?” என்று கேட்டு வைத்தார்.

மூன்று வயதுச் சிட்டுவின் கை முழங்கைவரை வெந்து சிவந்திருந்தது. கழுவியாயிற்று, மருந்து பூசிக் கட்டுவதுதான் பாக்கி. நர்ஸ் வலிக்கு மருந்து கொடுத்தாள்.

“இது வேலை செய்யட்டும்க்கா. அப்புறம் கட்டினா பாப்பாவுக்குத் தெரியாது.”

மருந்து வேலை செய்தது. சிட்டு மடியில் சொக்கினாள். நர்ஸ் கட்டுத் துணியை எடுத்ததும் சின்ன டாக்டர் ஓடி வந்தார்.

“கட்டிடாதீங்க! பெரிய டாக்டர் பாக்கணும். இல்லேன்னா மறுபடி பிரிக்கச் சொல்வாரு.”

“எப்ப வருவாரு சார்?”

“இப்ப வந்துருவாரு.”

அந்த ஆஸ்பத்திரியின் ‘இப்ப’ ரப்பர் மாதிரி. இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. பெரிய டாக்டர் மாடியில் ஒரு கூட்டத்தில் இருந்தார். அவசரப் பிரிவில் நோயாளிகள் ஏன் இவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறார்கள் என்று ஆராயும் கூட்டம். அது முடிகிற பாடாயில்லை.

மருந்தின் வீரியம் இறங்கியது. சிட்டு வீறிட்டாள். அழுகைக்கு நடுவே பிஸ்கட் கேட்டாள்.

“குடுக்காதீங்க. மயக்க மருந்து குடுக்க வேண்டி வரலாம், வயிறு காலியா இருக்கட்டும்” என்றார் சின்ன டாக்டர்.

“வருமா, வராதா?”

“அதைப் பெரிய டாக்டர்தான் சொல்லணும்.”

மறுபடி மருந்து கொடுக்கும் நேரம் வரும்வரை பிள்ளை அழுது தீர்த்தது. கொடுத்தார்கள். மறுபடி கண் சொக்கியது. தாய் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சிஸ்டர், இந்தத் தடவையும் மருந்து வீணாப் போச்சுன்னா எம்பொண்ணு தாங்க மாட்டா. கட்டிருங்க. கேட்டா, நான்தான் சண்டை போட்டேன்னு சொல்லுங்க.”

நர்ஸ் சின்ன டாக்டரைப் பார்த்தாள். அவரோ, சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல ஊன்றிப் படிக்கத் தொடங்கினார். நர்ஸ் மளமளவென்று கட்டினாள். சிட்டு முனகக்கூட இல்லை.

கடைசித் துணி முனையை ஒட்டும்போது பெரிய டாக்டர் பரிவாரத்தோடு நுழைந்தார்.

“யாரு கட்டச் சொன்னது? பிரிங்க.”

நர்ஸின் கை கத்தரிக்கோலுக்குப் போனது. சின்ன டாக்டர் சுவரை விட்டுத் திரும்பவேயில்லை. பெரிய டாக்டர் தாயின் பக்கம் திரும்பினார்.

“டீ கொட்டினப்போ நீங்க எங்கம்மா இருந்தீங்க?”

“பக்கத்துலதான் சார் இருந்தேன்.” அவள் கட்டுப் போட்ட கையின்மேல் தன் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். “அப்பலேருந்து பக்கத்துலயேதான் இருக்கேன். நீங்க எங்க சார் இருந்தீங்க?”

பரிவாரம் தரையைப் பார்த்தது. கத்தரிக்கோல் தட்டுக்குத் திரும்பியது. பெரிய டாக்டர் தூங்கும் குழந்தையைப் பார்த்தார், வெள்ளைக் கட்டைப் பார்த்தார். பிறகு வந்த வழியே போய்விட்டார்.