அரிதாரத் துணியோடு போன முகம்

1919ஆம் வருஷம் மாசி மாதத்தில், மலாய் நாட்டுச் சிம்பாங் ரெங்கத்தில் நாடகம் முடிந்து மந்திரி வேஷத்தைக் கலைத்தபோது, வீரமுத்துவின் முகம் தேங்காயெண்ணெய்த் துணியோடு வந்துவிட்டது. ரத்தம் இல்லை, வலி இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும், கழுவிக் கவிழ்த்த சட்டியின் அடிப்பக்கம் போல வழுவழுவென்று இருந்தது. துணியை உதறிப் பார்த்தார்; அரிதாரப் பொடியும் மைக்கரியும்தான் உதிர்ந்தன. நாடகக் கம்பெனி முதலாளி மரியநாதன் பக்கத்தில்தான் ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். பதினாலு நடிகர்களையும் மூன்று மாட்டுவண்டிகளையும் ஜொகூர் பாருவிலிருந்து கட்டி மேய்க்கிற மனிதருக்கு, நின்று ஆச்சரியப்பட நேரம் கிடையாது. "கண்ணு தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுதுண்ணே." "பேச்சும் வருது. சோறு எறங்குதான்னு பாரு." ஒரு கவளம் உருட்டி வைத்துப் பார்த்தார்கள். போக வேண்டிய இடத்துக்கு அது போனது. "அப்புறமென்ன லா, அடுத்த ஞாயித்துக்கெழம வேஷம் கட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மரியநாதன் வண்டிக்காரரைக் கூப்பிடப் போய்விட்டார்.

பயத்தில் முகம் வெளுத்துப்போனது என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். வீரமுத்துவுக்கு அது வெளுப்பதோடு நிற்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு மேடையில் நின்றபோது முன்வரிசையில் அவர் இரண்டு பேரைப் பார்த்துவிட்டார். ஒருவர் காளியப்பக் கங்காணி. ரெங்கத்திலிருந்து நாலு கட்டை, அதாவது நாலு மைல், தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டத்தில், வீரமுத்து பால்மரம் வெட்டிய காலத்தில் அவரைக் கட்டி மேய்த்தவர். அவர் கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. இன்னொருவர் வீரமுத்துவின் மனைவி பேச்சியம்மாள். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் அதே தோட்டத்துக்குக் கம்பெனி வந்தபோது, மந்திரி வேஷக்காரருக்குக் காய்ச்சல் கண்டு, சும்மா வேடிக்கை பார்க்கப் போன வீரமுத்துவைப் பிடித்து மேடையில் நிறுத்தினார்கள். ராஜா பேசி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும், கடைசியில் 'ஆகட்டும் பிரபு' என்று சொல்ல வேண்டும். சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மறுநாள் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்க அவருக்குக் கால் வரவில்லை. "ஒரே வாரம், ஜொகூர்ல ஒரு எடம் பாத்துட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, கம்பெனியின் உடுப்புப் பெட்டிக்குள் படுத்துத் தோட்டத்தைத் தாண்டினார். ஒப்பந்தத்தில் கைரேகை வைத்தவன் ஓடினால் அந்தக் காலத்தில் சிறை. அது அவருக்குத் தெரியும். இருந்தும் போனார். இதில் அவருக்குப் பரிந்து பேச என்னால் முடியாது.

கங்காணியின் கையிலிருந்த தாளில், கப்பல் ஏறியபோது எழுதிய அங்க அடையாளங்கள் இருந்தன: இடது கன்னத்தில் மச்சம், வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு, மேலுதட்டில் பிளவு. ஆள் நாடகக் கம்பெனியோடுதான் போயிருக்கிறான் என்பது அவருக்கு உறுதி. ஆனால் அரிதாரம் பூசிய முகத்தில் மச்சத்தை எங்கே தேடுவது? வேஷக் கொட்டகைக்குள் வெளியாள் கால் வைத்தால் ஆகாது என்பது நாடகக்காரர்களின் கட்டுப்பாடு. சாமிக்குப் பயந்த கங்காணி அதை மீறவில்லை. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். புருஷன் கிடைக்கும்வரை தோட்டத்தை விட்டு நகரக்கூடாது என்று பேச்சியம்மாளுக்கு உத்தரவு போட்டார். ரெங்கம், சிம்பாங் ரெங்கம், குளுவாங் என்று கம்பெனி எங்கே வந்தாலும், மாட்டுவண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். ஒவ்வொரு நடிகன் மேடைக்கு வரும்போதும், கூட்டத்துக்கே கேட்கும் குரலில், "இவனா?" என்பார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இவரில்ல" என்பாள்.

மேடையில் நிற்பவருக்கு அந்தச் சொல் நன்றாகக் கேட்கும். முதல் வருஷம் அதைக் கேட்டதும் வீரமுத்துவுக்கு உயிர் வந்தது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது வருஷம், சிறைக்காவலன் வேஷத்தில் நாலடி தூரத்தில் போய் நின்றபோதும் அவள் முகத்தில் ஒரு சலனம் இல்லாமல் "இவரில்ல" என்றாள். அன்றிலிருந்து வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. பொய் சொல்கிறாளா, நிஜமாகவே தெரியவில்லையா? கங்காணி பிடிப்பார், சிறையில் போடுவார் என்பது வெளியிலிருந்து வந்த பயம். வேஷம் கட்டிவிட்டால் அது கொஞ்சம் அடங்கும். இது உள்ளே உட்கார்ந்து தின்றது. ஒரு சாடை காட்டிவிடலாமா என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கை பரபரத்தது. காட்டினால் அவளுக்கு மட்டுமா தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்கொத்திப் பாம்பு. பினாங்குப் பக்கம் போய்விட்டால் கங்காணி தொல்லை விட்டது என்று மரியநாதன் பலமுறை சொன்னார். போயிருக்கலாம்தான். போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்க முடியாது.

இதற்கு நடுவில் அவர் பெரிய நடிகராகிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சொந்த முகம் இல்லாததால் எந்த வேஷமும் அவர்மேல் தன் வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்தது. ராஜா வேஷம் என்றைக்கும் கேட்டதில்லை. அது அர்ச்சுனன் என்ற நல்ல சாரீரக்காரருடையது. வீரமுத்து மந்திரி, வாயிற்காவலன், குருட்டுத் தகப்பன், தூதன், குதிரை வியாபாரி, பொய்ச்சாட்சி சொல்கிறவன். குருட்டுத் தகப்பனாக வந்த நாளில் மேடையை விட்டு இறங்கியும் கண் தெரியாமல், மரியநாதன் கையைப் பிடித்து வண்டிவரை கூட்டிப்போக வேண்டியிருந்தது. வேஷத்தைத் துடைத்ததும் பார்வை வந்தது. சிறைக்காவலனாக வந்தபோது, நிஜச் சிறையில் கிடந்த மகனுக்காக ஒரு தாய் இரண்டு கோழியோடு வந்து கொட்டகை வாசலில் காத்திருந்தாள். வாரநாட்களில் காலையில் எழுந்ததும், பல் விளக்குவது போல, ஏதாவது ஒரு முகத்தை எழுதிக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போவார். மீன்கார மலாய்க்காரர் ஒவ்வொரு முறையும் புது ஆள் என்று நினைத்து நலம் விசாரிப்பார்.

கங்காணியோ பன்னிரண்டு வருஷமும் ராஜா வேஷத்தைத்தான் முறைத்துப் பார்த்தார். மந்திரிக்கும் காவலனுக்கும் "இவனா?" என்பது கடமைக்கு, அர்ச்சுனன் வந்ததும்தான் தாளை விரிப்பார். பெண்டாட்டியை விட்டு, தோட்டத்தை விட்டு, சிறைக்குத் துணிந்து ஒருவன் ஓடுவது வாசலில் ஈட்டி பிடித்து நிற்பதற்கா என்பது அவர் நினைப்பு. ராஜா பேசும்போது பக்கத்தில் நிற்பதும் ஒரு தொழில் என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தோன்றவில்லை.

1931இல் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ரயிலேற்றி, கப்பலேற்றி ஊருக்கு அனுப்பின. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே நாலு கட்டைத் தோட்டத்தில் நாடகம். திங்கட்கிழமை பெரட்டு தவறக்கூடாது என்று அங்கே பகலில்தான் நாடகத்துக்கு அனுமதி. வெயில் சாயுமுன் முடித்துவிட வேண்டும். கொட்டகை போட வந்த ஆட்கள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது: மறுநாள் காலை ரயிலுக்கு எழுதிய பட்டியலில் பேச்சியம்மாள் பெயரும் இருக்கிறது. வீரமுத்து அப்போதுதான் வாயிற்காவலன் முகத்தை எழுதி முடித்திருந்தார். கேட்டதும் எண்ணெய்த் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மரியநாதன் பதறிப்போனார். "என்னா காரியம் செய்ற? வெளிய அந்தாளு தாளோட குந்தியிருக்கான். புடிச்சு உள்ள போட்டுருவான் லா."

"போடட்டும்ண்ணே. அவ கப்பலேறிட்டா நான் யாருக்கு வேஷம் கட்டுறது?"

வேஷமில்லாமல் மேடை ஏறினார். பட்டப்பகல். மீசை வரைந்திருக்க வேண்டிய இடத்தில் வெயில் பட்டுச் சறுக்கியது. வசனத்தின் பாதியில் இருந்த அர்ச்சுனனுக்கு மீதி மறந்துபோனது. ஒரு குழந்தை வீறிட்டது. அதன் தாய் வாயைப் பொத்தினாள். வீரமுத்து ஈட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கி, முன்வரிசைக்கு நேராக வந்து நின்றார். கங்காணிக்கு அப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்தார். மடிப்பில் கிழிந்திருந்ததால் இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்தார். "எடது கன்னத்துல மச்சம்... காணோம். வலது புருவத்துல வெட்டு... புருவத்தையே காணோம். மேலொதட்டுல..." அதற்குமேல் வாசிக்காமல் தாளை மடித்தார். "இவனில்ல" என்றார்.

பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். "இவருதான்" என்றாள்.

"மூஞ்சியே இல்லாதவன எப்படிப் புள்ள சொல்ற?"

"மூஞ்சி எனக்கும் மறந்துபோச்சு கங்காணி. எட்டு மாசம் பாத்தது, எத்தன வருசத்துக்கு நெனப்பிருக்கும்? ராசா பேசுறப்ப மத்தவங்கல்லாம் கூட்டத்தப் பாப்பாங்க, இல்லாட்டி தன் பேச்சு எப்ப வரும்னு நிப்பாங்க. இவரு ஒருத்தர்தான் காது குடுத்துக் கேப்பாரு. மந்திரியா வந்தாலும் கேப்பாரு, குருடனா வந்தாலும் கேப்பாரு. லயத்து வீட்டுல நான் என்னா பேசுனாலும் அப்படித்தான் கேட்டுக்கிட்டு இருப்பாரு. மொத நாடகத்துலேயே எனக்குத் தெரியும்."

வீரமுத்துவால் அழ முடியவில்லை. அழுவதற்கு அங்கே ஏதுமில்லை. தோள் மட்டும் குலுங்கியது. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை. "ஒரு வாரம்னு சொன்னீங்க" என்று சொல்லி, அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினாள். அத்தனை பேர் பார்க்க மறுபடி குத்தினாள். அவர் வாங்கிக்கொண்டார். அவள் ஓய்ந்ததும் கங்காணி பக்கம் திரும்பி, இரண்டு மணிக்கட்டையும் நீட்டினார். "கூட்டிக்கிட்டுப் போங்க."

கங்காணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "ஓடுனவனப் புடிச்சு உள்ள போடுற சட்டத்த எடுத்து எட்டு வருசமாவுது" என்றார். அப்புறம் எதற்கு இத்தனை வருஷம் அவளை இழுத்துக்கொண்டு வந்தீர்கள் என்று மரியநாதன் மேடையிலிருந்தே கத்தினார். கங்காணி, "நாடகம் நல்லா இருந்துச்சு" என்றார். எட்டு வருஷம் என்றால் நானூறு ஞாயிற்றுக்கிழமை. அதைத் தின்றுவிட்டு இப்படி ஒரு பதிலைச் சொன்ன வாயை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மரியநாதன்தான் ஆர்மோனியத்தை அழுத்தி, இன்னும் மூன்று காட்சி பாக்கி இருக்கிறது, வெயில் இறங்குகிறது என்றார். வீரமுத்து மேலே ஏறி ஈட்டியை எடுத்துக்கொண்டு, முகமில்லாமலேயே வாயிற்காவலனாக நின்று முடித்தார். கூட்டம் இரண்டாவது காட்சியிலேயே பழகிவிட்டது.

மறுநாள் ரயில் பேச்சியம்மாள் இல்லாமல் போனது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பட்டியலில் அவள் பெயருக்கு மேல் ஒரு கோடு இழுத்தார். இருவரும் ரெங்கத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தார்கள். சண்டையும் போட்டார்கள், பன்னிரண்டு வருஷப் பாக்கி இருந்தது. முகம் திரும்பி வரவில்லை. நாட்டு மருந்து ஒருமுறை அரைத்துப் பூசிப் பார்த்து, அரிப்பு எடுத்ததால் விட்டுவிட்டார்கள். நாவிதர் அவருக்குத் தலைமுடி மட்டும் வெட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேஷம் கட்டினார், மற்ற நாட்களில் வெறுமனே கடைத்தெருவுக்குப் போனார். மீன்கார மலாய்க்காரர் நலம் விசாரிப்பதை நிறுத்திவிட்டு நேராக விலையைச் சொல்ல ஆரம்பித்தார். 1936இல் ஜொகூர் பாருவுக்கு நாடகத்துக்குப் போன இடத்தில், சீனர் கடை ஒன்றில் இருவரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அசையாமல் நேரே பார்க்கச் சொல்லிப் படக்காரர் மூன்று தடவை சொல்லியும் அவள் கேட்கவில்லை. படத்தில் அவள் வாய் பாதி திறந்திருக்கிறது. அவர் தலை இருக்கும் இடம் வெள்ளையாக, அவள் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஜொகூர் பாருவில் மீன் என்ன விலை விற்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.