பன்னிரண்டு கன்டெய்னர் வாக்கு

எங்கள் துறைமுக ஊரான மச்சாலாவில் வாழைக்காய் அனுப்புகிறவர்களும் கப்பல்காரர்களும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் ஊரில் ஒரு குறையும் இல்லை. இனிமேல் உண்மையே பேசுவோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

பொய்யின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் வாரத்துக்கு ஆறு கன்டெய்னர் காய்தான் தேறும். கப்பல் கம்பெனியிடம் போய் நேர்மையாக ஆறு என்றால் மூன்றுக்குத்தான் இடம் கொடுப்பார்கள். மிச்சத்தை அடுத்த வாரக் கப்பலுக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்குள் காய் பழுத்து ஒழுகி, துறைமுகத்து ஈக்களெல்லாம் தின்று தின்று பறக்க முடியாமல் நடந்தே வீடு போகும். அதனால் நாங்கள் பன்னிரண்டு என்போம். கப்பல்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று தெரிந்து ஒரே இடத்தை இரண்டு பேருக்குக் கொடுத்து வைப்பான். அவன் பொய்யும் எங்கள் பொய்யும் நடுவில் சந்திக்கும் இடத்தில் ஆறு கன்டெய்னர் கப்பலேறும். இப்படித்தான் காலம் காலமாக ஓடியது.

இதை மாற்றியே தீருவேன் என்று கிளம்பியவள் நார்சிசா தோமலா. சங்கத்தின் கப்பல் விவகாரம் முழுக்க அவள் பொறுப்பு. எவாரிஸ்தோ ஆகிய நான் அங்கே காய்த் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். தழும்புள்ள காயைக் கண்ணை மூடிக்கொண்டே வாசனையில் கண்டுபிடிப்பேன், நம்பாதவர்கள் நம்பவேண்டாம்.

நார்சிசாவுக்கு ஒரே பயம், காலோ சம்ப்ரானோ. அந்த வியாபாரியிடமிருந்து தப்பிக்கத்தான் சங்கமே தொடங்கியது. எங்களுக்குக் கப்பலில் இடம் கிடைக்காத வாரங்களில் அவன் வந்து தோட்டத்து வாசலில் நிற்பான். "ஐயோ பாவம், அழுகிடுமே" என்று உச்சுக்கொட்டியபடி பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு போவான். கப்பலில் நிரந்தர இடம் இருந்தால் அவன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று நார்சிசா கப்பல் கம்பெனியின் படிக்கட்டைத் தேய்த்தாள். நிஜமாகவே ஒரு படி தேய்ந்து சாய்ந்திருந்தது.

கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. நாங்கள் சொன்னதைக் கொண்டுவர வேண்டும், அவர்கள் சொன்ன இடத்தைத் தரவேண்டும். சீசன் முழுக்க இது நிற்கும். முதல் வாரத்திலேயே நாங்கள் தவறினால் ஒப்பந்தம் போச்சு, சீசன் முடியும்வரை வரிசையின் வாலில்தான் நிற்கவேண்டும். அதாவது மறுபடியும் காலோவின் உச்சுக்கொட்டல். கம்பெனி தவறினால் அவர்கள் ஆபீசில் தலை உருளும்.

கையெழுத்துப் போடும் நாளில் நார்சிசாவுக்குப் பல்வலி. கன்னம் பப்பாளி அளவுக்கு வீங்கி, அது முதலில் வாசலைத் தாண்டினால் இவள் பின்னால் தாண்டினாள். அதனால் சங்கத் தலைவர் செகுந்தோ போய்க் கையெழுத்திட்டு வந்தார்.

ஒப்பந்தத்தின் முதல் வாரம், கப்பலேற்றும் வியாழக்கிழமை காலை எங்கள் பொட்டலம் கட்டும் கொட்டகைக்கு லாரிகள் காலி கன்டெய்னர்களோடு வர ஆரம்பித்தன. ஆறு வந்தது. ஏழு வந்தது. பன்னிரண்டு வந்து நின்றது. தோட்டத்துக்கு இருக்கிற ஒரே பாதை லாரியால் அடைத்துக்கொண்டது. ஒரு கோழிகூட வெளியே போக வழியில்லை.

"தலைவரே, ஆறுன்னு எழுதுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!" என்றாள் நார்சிசா.

"ஆறு வேணும்னுதாம்மா பன்னெண்டு எழுதினேன்" என்றார் செகுந்தோ. "எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தானே?"

"இது அப்படி இல்ல! பன்னெண்டுன்னா பன்னெண்டு கொண்டுபோகணும்!"

"அடப்பாவிங்களா, நிஜமாவே குடுத்துட்டானுங்களா?" என்று தலைவர் வாயைப் பிளந்தார். அப்புறம் யோசனை ஒன்று சொன்னார். "மிச்சத்துல கழிச்ச காயைப் போட்டு மூடிடலாமா? எவாரிஸ்தோ கண்டுக்காம இருப்பான்."

"எவாரிஸ்தோ கண்டுப்பான்" என்றேன் நான்.

நார்சிசா ஊரெல்லாம் போன் போட்டாள். கேட்டவர் எவரிடமும் வெட்டிய காய் உபரியாக இல்லை. மத்தியானத்துக்குள் ஆறு கன்டெய்னர் நிரம்பியது. மற்ற ஆறையும் இழுத்து மூடி, குளிர் இயந்திரத்தை ஓடவிடச் சொன்னாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் துறைமுக வாசல் மூடும். அதுவரை ஏதாவது வழி பிறக்காதா என்ற ஆசை. ஆறு லாரிகள் வெறும் காற்றைக் குளிரவைத்துக்கொண்டு கம்பீரமாக உறுமின.

அந்த நேரம் பார்த்துக் கப்பல் கம்பெனியின் ஆள் க்ளேவர் மொரெய்ரா தன் வண்டியை வேலியோரமாக நெளித்து ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினான். நார்சிசாவின் மகனுக்கு ஞானத்தகப்பன் அவன். ஞானஸ்நானத் தொட்டி முன்னால் கைகோத்து நின்றவர்கள். ஒருவரை ஒருவர் ஏமாற்றினால் கொஞ்சம் கூடுதல் பாவம். அவன் இறங்கியதும் பின்னாலிருந்த லாரி நிழலுக்காக நகர்ந்து அவன் வண்டியை வேலியோடு அடைத்துவிட்டது.

"என்ன தங்கச்சி, எல்லாம் ரெடியா?"

"ரெடி இல்லாமலா? பன்னெண்டும் ரெடி. உங்க பக்கம் எப்படிண்ணே?"

"நம்ம பக்கமா? பன்னெண்டு எடத்தையும் கூட்டிப் பெருக்கி வச்சிருக்கு."

"அப்ப லாரிய அனுப்பிடவா?"

"என்ன அவசரம்? வெயில் தணியட்டும்."

வெயிலா அது? சூரியன் தொப்பிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்திருந்தது. ஆனாலும், வியாழக்கிழமை மத்தியானம் வெயில் தணியட்டும் என்று சொன்ன கப்பல்காரனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சமையல்காரி, வெங்காயம் மிதக்கிற சூரைமீன் சூப்பும் வாழைக்காய் வறுவலும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரு கரண்டியைக் குடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

"இப்ப அனுப்பலாம் தங்கச்சி" என்பான் அவன், இவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்து.

"சூப்பு ஆறிடும்ணே, குடிங்க" என்பாள் இவள்.

சற்று நேரம் கழித்து இவள், "சரி, அனுப்பிடுறேன்" என்பாள்.

"இன்னொரு கிண்ணம் இருக்கா?" என்பான் அவன்.

க்ளேவர் மூன்று கிண்ணம் குடித்தான். வயிற்றுக்குள் மீன் நீந்துகிற சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் காலாற நடப்பவன் போல எழுந்துபோய் கடைசி லாரியில் சாய்ந்தான். விரல் முட்டியால் கன்டெய்னரை ஒரு தட்டுத் தட்டினான். கோயில் மணி மாதிரி ஓசை கொடுத்தது, படுபாவி.

நார்சிசா வெளிறிவிட்டாள். க்ளேவர் எங்களுக்கு முதுகு காட்டி நின்றான். ஆனால் லாரிக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. காது வரைக்கும் சிரிப்பு.

நார்சிசா என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "அண்ணே, காலி கன்டெய்னரத் தட்டிப் பாத்து எந்தக் கப்பல்காரனாவது சந்தோஷப்படுவானா?"

"கிறுக்குப் பிடிச்சிருந்தா."

"இல்லண்ணே. கப்பல்ல எடம் இல்லாம இருந்தா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவனும் பழக்கதோஷத்தில் எங்கள் இடத்தில் பாதியை வேறு எவனுக்கோ கொடுத்திருக்கிறான். பன்னிரண்டு என்றால் ஆறுதான் வரும் என்று அவனுக்கு அவனுடைய அப்பா சொல்லியிருப்பார். இப்போது எங்கள் வாயிலிருந்து "காய் இல்லை" என்று வந்தால் அவன் தப்பினான். அவன் வாயிலிருந்து "இடம் இல்லை" என்று வந்தால் நாங்கள் தப்பினோம். முதலில் வாய் திறக்கிறவர் தொலைந்தார்.

எனவே ஒருவரும் திறக்கவில்லை. க்ளேவர் திரும்பி வந்து உட்கார்ந்து நகத்தைப் பார்த்தான். இவள் மேகத்தைப் பார்த்தாள். கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்ட தலைவர் உள்ளேயிருந்து மாதாவைக் கூப்பிடுவது மட்டும் கேட்டது. மணி நாலைத் தாண்டியது.

அப்போது பாதையில் ஹாரன் சத்தம். தார்ப்பாய் போட்ட லாரிகளை அப்படியே நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, எங்கள் லாரிகளுக்கு அடியில் குனிந்து நெளிந்து ஓடிவந்தான் ஒருவன். வேறு யார்? காலோ சம்ப்ரானோதான்.

"டேய் க்ளேவர்! என் ஆறு கன்டெய்னர் எங்கடா? எடம் குடுத்துட்டேன்னு சத்தியம் பண்ணினியே! வெட்டின காய வெயில்ல வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுறேன், ஊர்ல இருக்கிற கன்டெய்னர் பூரா இங்க நிக்குது!"

க்ளேவர் கண்ணை மூடிக்கொண்டான். நார்சிசா மெதுவாக, தேன் ஒழுக, "எந்த எடம்ணே குடுத்தீங்க இவருக்கு? நம்மளோடதா?" என்றாள்.

"உன்னோட கன்டெய்னர் காலிதானே தங்கச்சி?" என்றான் அவன், பரிதாபமாக.

"எடம் இல்லங்கிறது உங்க பக்கத்துலேருந்துதான் முதல்ல வெளிய வந்துச்சு."

"ஒப்பந்தத்துல உங்க சங்கத்து பேரும்தான் இருக்கு. காய் இல்லன்னா நீயும் காலி."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காலோவிடம் காய் இருந்தது, கன்டெய்னர் இல்லை. எங்களிடம் கன்டெய்னர் இருந்தது, காய் இல்லை. நார்சிசாவின் தாடை அசைந்தது. இந்தத் தடவை பல்வலி அல்ல.

"உங்க காய எங்க கன்டெய்னர்ல ஏத்துங்க. சங்கத்து பேர்ல போகும்" என்றாள்.

"உன் பேர்லயா? என் காயா?"

"வேண்டாம்னா வெயில்லயே வச்சிருங்க. ஐயோ பாவம், அழுகிடுமே" என்று உச்சுக்கொட்டினாள்.

அன்று ஏற்றிய வேகத்தில் ஏற்றியதை உலகம் கண்டதில்லை. தலைவர்கூடக் கழிப்பறையிலிருந்து வந்து பெட்டி தூக்கினார். காலோவின் காயில் நான் கழிக்க நினைத்தது நிறைய, கழித்தது கொஞ்சம். துறைமுக வாசல் மூடும் நேரத்துக்குக் கடைசி லாரி உள்ளே நுழைந்தது. சொன்னது பன்னிரண்டு, போனதும் பன்னிரண்டு. நார்சிசா என் தோளில் சாய்ந்து அழுதாள், சட்டை பிழியப் பிழிய.

மறுவாரம் கம்பெனியிலிருந்து பெரிய கேக்கோடு க்ளேவர் வந்தான். கண்டம் முழுவதிலும் இருபக்கமும் வாக்குத் தவறாத ஒரே ஒப்பந்தம் எங்களுடையதாம். மேலிடத்தில் கைதட்டினார்களாம். இனி சீசன் முழுக்க வாரத்துக்குப் பன்னிரண்டு.

"ஆறாக் குறைச்சுக்க முடியாதாண்ணே?" என்றாள் நார்சிசா.

"குறைச்சா வாக்குத் தவறினதா ஆயிடும் தங்கச்சி."

அப்படியாக, யாரிடமிருந்து தப்பிக்கச் சங்கம் தொடங்கினோமோ அவன் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்தான். அவனுக்கும் வேறு கப்பல் இல்லை, எங்களுக்கும் வேறு காய் இல்லை. சொந்த நாற்காலி கொண்டுவந்து நடுக்கொட்டகையில் போட்டுக்கொண்டு, தொட்டித் தண்ணீர் கலங்கல் என்பான், தலைவர் நடப்பது மெதுவு என்பான். வாயை மூடிக்கொண்டு கேட்டோம்.

ஒரு புதன்கிழமை அவனுக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தது. நார்சிசா கோழி சூப் வைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஓடினாள். நானும் கூடப் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டினாள்.

"குடிங்க. நாளைக்கு நீங்க எழுந்திருக்கலேன்னா எங்க கதை முடிஞ்சுது."

காலோ ஒரு வாய் விழுங்கினான். "உப்பு கம்மி" என்றான்.

அவள் எழுந்து போய் உப்பு எடுத்து வந்தாள்.