தோள் கொடுக்க வந்தவர்

"திருப்புங்க, தலைப்பக்கம் மேல வரட்டும்" என்றாள் அக்கா.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெட்டி சுவரில் இடித்துக்கொண்டு நின்றது. லிஃப்ட் கெட்டுப்போய் எத்தனையோ மாதமாகிறது. வண்டிக்காரர்கள் நால்வரும் அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை அவ்வளவாக இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானத்துக்குப் போக வேண்டிய உடலை மூன்றாவது மாடிக்கு ஏற்றி, கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடி இறக்கச் சொல்கிறவளை வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

"ஏன்டி இந்த வீம்பு?" அவள் வீட்டுக்காரர் மூச்சு வாங்கியபடி பின்னால் வந்தார். "யாரு பாக்க வரப்போறா?"

"வரவேண்டியவர் வருவாரு."

தம்பியின் அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்த பிறகுதான் பெட்டிக்கு இடம் கிடைத்தது. தனியாகச் சமாளிக்க முடியாதவர்களுக்கென்று நகராட்சி கொடுத்த அறை அது. அறையோடு ஒரு ஆளையும் அனுப்பியது. அந்த உதவியாளர் திங்கட்கிழமை தோறும் வந்து, மாத்திரைகளை வேளைக்கு வேளை பிரித்து வைப்பார், அடுப்பைச் சோதிப்பார், குளிக்கச் சொல்லிக் கெஞ்சுவார். அவர் பெயர் தம்பிக்குக் கடைசி வரை மனதில் நிற்கவில்லை. "அக்கா, இன்னிக்குத் திங்கக்கெழம வந்தாரு. வியாழக்கெழமையும் வர்றாராம்" என்பான் போனில். அவள் சிரிப்பாள். அவனும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரிப்பான்.

பிறகு நகராட்சி அந்தச் செலவை வெட்டியது. ஒரேயடியாக எல்லா உதவியாளர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த அறைகளில் இருப்பவர்களைச் சொந்தக் காலில் நிற்கப் பழக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியவர் இந்த வட்டத்துக் கவுன்சிலர். ஆளுக்குப் பதிலாகத் தினமும் காலையில் ஒரு பதிவு செய்த குரல் போனில் வந்தது. நலமாக இருந்தால் ஒன்றை அழுத்தவும், உதவி தேவையென்றால் இரண்டை அழுத்தவும்.

மாத்திரை தாறுமாறாகி, காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி, தம்பி இந்தத் தரையில்தான் விழுந்து கிடந்தான். கீழ் வீட்டுத் தையல்காரர்தான் கதவை உடைத்தார்.

பெட்டியை வைத்ததும் அக்கா வண்டிக்காரர்களிடம், "நீங்க போய் டீ சாப்பிடுங்க, வண்டி ஓட்டறவர் மட்டும் இருந்தாப் போதும். எறக்க எங்க ஆளுங்க இருக்காங்க" என்றாள். வீட்டுக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எங்க ஆளுங்க என்று எண்ணினால் அவர், தையல்காரர், சேதி கேட்டு வந்திருந்த பழைய உதவியாளர் திங்கட்கிழமை. அவ்வளவுதான்.

கவுன்சிலர் தன் வட்டத்தில் எந்தச் சாவையும் விடமாட்டார். ஊருக்கே தெரிந்த சங்கதி. வெள்ளைச் சட்டையில் வருவார், உச்சுக் கொட்டுவார், பெட்டியைத் தூக்கும்போது முன்னால் போய்ப் பிடிப்பார். நாலடி நடப்பதற்குள் படம் எடுத்துவிடுவார்கள். பின்னால் வரும் அவருடைய ஆள் சட்டென்று கை மாற்றிக்கொள்வான். அந்த நாலடிக்காகத்தான் அக்கா தம்பியை மூன்று மாடி ஏற்றியிருந்தாள்.

தன் ஆளோடும் படக்காரரோடும் அவர் மாடி ஏறி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா நாங்க அவரைக் கைவிட்டுடல. தெனமும் போன் போயிருக்கு, நானே விசாரிச்சேன். கடைசி நாள் காலைலகூட ஒண்ணுதான் அழுத்தியிருக்காரு."

 தையல்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

திங்கட்கிழமை தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ரெண்டு அழுத்துனா ரூமைப் புடுங்கிக்குவாங்கன்னு பயம் சார் அவருக்கு. கடைத்தெருவுல பாத்தப்ப எங்கிட்ட கேட்டாரு, ரெண்டு அழுத்துனவங்களையெல்லாம் எங்க கொண்டுபோய் விடறாங்கன்னு."

"அப்படியெல்லாம் இல்லையே" என்றார் கவுன்சிலர். "சொல்லியிருக்கலாமே."

அக்காவுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. உள்ளங்கை நிஜமாகவே தினவெடுத்தது. அறைந்தால் அதையும் படம் எடுப்பார்கள், அவர்தான் பாவம் என்றாகிவிடும். கையை அடக்கிக்கொண்டாள்.

"தூக்கலாமா சார்? நீங்க கால்மாட்டுல புடிங்க. முதல்ல எறங்கறது நீங்கதான்."

அவர் பழகிய கையோடு வந்து பிடித்தார். பக்கத்தில் திங்கட்கிழமை. தலைமாட்டில் வீட்டுக்காரரும் தையல்காரரும். மாடிப்படி குறுகல், பெட்டி இறங்க ஆரம்பித்துவிட்டால் ஈ எறும்பு தாண்ட முடியாது. படக்காரர் முன்னால் ஓடி, அறை வாசலிலேயே எடுத்து முடித்தார். கவுன்சிலர் தலையைத் திருப்பித் தன் ஆளைத் தேடினார். அவன் பெட்டிக்குப் பின்னால், அக்காவுக்கும் பின்னால், நடைவழியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"வந்து மாத்திக்கப்பா."

"மாத்த எடமில்லையே சார்" என்றாள் அக்கா. "எறங்குங்க."

மாத்திரைகள் ஊதவைத்த உடம்பு. படியில் சரிந்ததும் கனமெல்லாம் கீழே இருக்கிறவர் கைக்கு வந்தது. முதல் திருப்பத்தில் கவுன்சிலரின் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவதில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஏற்றிவிடக் கை இல்லை.

"கொஞ்சம் வெச்சுட்டுப் போலாமா?"

"வேணாம் சார்."

"கை வழுக்குதும்மா."

"புடிங்க."

அவள் குரல் உயரவில்லை. வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து கேட்காத குரல் அது. அவரும் பிடியை இறுக்கிக்கொண்டார்.

கீழே வந்து பெட்டியை வண்டியில் தள்ளியதும் கவுன்சிலர் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். படக்காரர் கேமராவை உறைக்குள் போட்டுவிட்டார். தெரு ஓரத்தில் கார் கதவைத் திறந்துவைத்து டிரைவர் காத்திருந்தான்.

"நல்ல கனம்" என்றார் கவுன்சிலர், யாரிடம் என்றில்லாமல்.

அக்கா வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏறுங்க சார்."

"நானா? எனக்கு அடுத்து ஒரு மீட்டிங்கு..."

"அங்க எறக்க நாலு பேர் வேணும். எங்க ஆளுங்க மூணு பேருதான்."

கட்டடத்தின் ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. அந்தக் கட்டடத்தில் ஒன்றை அழுத்திக்கொண்டிருக்கிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் மேலே பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு குனிந்து ஏறினார்.

வண்டிக்குள் பெட்டிக்கு இந்தப் பக்கம் அவர், எதிரே அவள். சாலை வளையும்போதெல்லாம் பெட்டி அவர் முழங்காலை நோக்கி நகர்ந்தது. அவர் இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவள் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.